மெமோவும் டைம்டேபிளும் ஆயுதமாகும்போது: ஆசிரியர்களுக்குள் நடக்கும் பணியிடத் துன்புறுத்தல்

மாணவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்தால் விசாரிக்கப் பள்ளியில் ஆள் உண்டு. வகுப்பாசிரியர் கூப்பிட்டுப் பேசுவார், பெற்றோரை வரச் சொல்வார்கள், புகார்ப் பெட்டிகூட மாட்டியிருப்பார்கள். அதே கட்டடத்தின் ஸ்டாஃப் ரூமுக்குள் ஓர் ஆசிரியரை மற்றவர்கள் மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்தால் அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. “அவங்களுக்குள்ள ஒத்துவரல” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கத்தலோ கைகலப்போ இருந்தால் பெயர் தானாக வந்துவிடும். பள்ளியில் அதற்குத் தேவையே இருப்பதில்லை. டைம்டேபிள், சப்ஸ்டிட்யூஷன் ரெஜிஸ்டர், சி.எல். விண்ணப்பம், தேர்வு மேற்பார்வைப் பட்டியல், மெமோ, வாட்ஸ்அப் குரூப் என்று நிர்வாகத்தின் அன்றாடச் சாமான்களே போதும். வராத ஆசிரியரின் வகுப்புக்கு யாரையாவது அனுப்பத்தான் வேண்டும். விடுப்பை மறுக்க எச்.எம்.முக்கு அதிகாரம் உண்டு. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே ஆள் தலையில், திரும்பத் திரும்ப விழுகிறதா என்று சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடும்.

இரண்டு சொற்கள்

பாகுபாடு என்பது ஒருவர் யார் என்பதற்காக வேறுவிதமாக நடத்துவது. சாதி, மதம், பால், உடற்குறை, கர்ப்பம், திருநர் என்பது, நிரந்தரமா தற்காலிகமா என்பது, இப்படி ஏதோ ஓர் அடையாளம் காரணமாக இருக்கும். துன்புறுத்தலுக்கு அடையாளம் கட்டாயமில்லை. கேள்வி கேட்டார், டியூஷன் கூட்டுக்கு ஒத்துழைக்கவில்லை, ரிசல்ட் நன்றாகக் காட்டினார் என்பதற்காகக்கூட ஒருவரைக் குறிவைத்துத் தேய்க்கலாம். நடைமுறையில் இரண்டும் பின்னிக் கிடக்கும். ஆனாலும் பிரித்துப் பார்க்கப் பழகுவது நல்லது, ஏனென்றால் இந்தியச் சட்டத்தில் பாகுபாட்டுக்குச் சில கதவுகள் திறந்திருக்கின்றன. பொதுவான பணியிடத் துன்புறுத்தலுக்கென்று தனிச் சட்டம் கிடையாது.

எது வெறும் மனக்கசப்பு, எது துன்புறுத்தல்? ஜெர்மனியில் பிறந்து ஸ்வீடனில் வேலை பார்த்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமான் ஓர் அளவுகோல் வைத்தார்: வாரம் ஒரு முறையாவது, ஆறு மாதமாவது நடந்திருக்க வேண்டும். ஆய்வுக்கு அந்தக் கணக்கு சரி. பாதிக்கப்பட்டவர் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கை ஒரே ஒரு முறை நடந்த செயலையும் சேர்த்துக்கொள்கிறது. (இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.)

ஆரம்பத்தில் இதைப் புரிந்துகொள்ள நமக்கு உதவும் பட்டியல் ஜப்பானுடையது. அங்கே பணியிடத்தில் அதிகாரத்தைக் காட்டித் துன்புறுத்துவதைத் தடுக்கும் கடமையை முதலாளிகள் மேல் சுமத்தும் சட்டத் திருத்தம் 2019 மே மாதம் நிறைவேறி, 2020 ஜூனில் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. துன்புறுத்தலை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள்: உடல்ரீதியான தாக்குதல், மனரீதியான தாக்குதல், ஆட்களிடமிருந்து பிரித்து வைத்தல், அளவுக்கு மீறிய வேலை, தகுதிக்குக் கீழான வேலை அல்லது வேலையே தராமல் விடுதல், சொந்த வாழ்க்கையில் மூக்கை நுழைத்தல்.

இதை நம் ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மாணவர் முன்னாலேயே “இதுகூடத் தெரியாம எப்படி டீச்சர் ஆனீங்க?” என்பது இரண்டாவது வகை. ஆண்டு விழா வேலைகளுக்குப் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி ஒருவரை மட்டும் சேர்க்காமல் விட்டு, பிறகு “தகவல் போட்டோமே, நீங்க பார்க்கலையா?” என்று கேட்பது மூன்றாவது. எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசு இணையத்தளம்) பதிவு, உதவித்தொகைப் பட்டியல், பேருந்துப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒருவரிடமே தள்ளுவது நான்காவது. இருபது வருடம் பிளஸ் டூ இயற்பியல் எடுத்தவருக்குக் காரணம் சொல்லாமல் ஆறாம் வகுப்பு நூலகப் பீரியட் கொடுப்பது ஐந்தாவது. “இன்னும் குழந்தை இல்லையா மிஸ்?” என்று வாரம் தவறாமல் விசாரிப்பது ஆறாவது. ஐந்தாவதைத்தான் யாரும் துன்புறுத்தல் என்று நம்ப மாட்டார்கள். “வேலை குறைஞ்சா சந்தோஷம்தானே சார்?” என்பார்கள்.

அதே ஜப்பானில், அந்தச் சட்டம் வந்த வருடமே, கோபே நகரின் ஒரு தொடக்கப் பள்ளி விவகாரம் வெளியே வந்தது. 25 வயது ஆசிரியர் ஒருவரை அனுபவமுள்ள நான்கு ஆசிரியர்கள் நெடுநாள் வதைத்திருந்தார்கள். ஒருவர் கையைப் பின்னால் பிடித்துக்கொள்ள, தாங்க முடியாத காரமான கறியை இன்னொருவர் வாயில் திணிக்கும் வீடியோ ஊரெல்லாம் பரவியது. விசாரணைக் குழு நூற்றுக்கும் மேற்பட்ட செயல்களைத் துன்புறுத்தல் என்று உறுதிசெய்தது. 2020-ல் இருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்து “இப்படியெல்லாம் எங்க பள்ளியில நடக்காது” என்று சொல்வது சுலபம். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட செயல்களில் கேமராவில் சிக்கியது மிகச் சில. மற்றதெல்லாம் கேலி, பட்டப்பெயர், எடுபிடி வேலை என்று ‘விளையாட்டாக’ நடந்தவை.

சாதி எப்படி உள்ளே வருகிறது

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. “சொந்த ஊரு எது சார்? ஊருக்குள்ளயா, தாண்டியா?” என்பார்கள். தெருப் பெயர் தெரிந்ததும் விசாரணை முடிந்தது. பிறகு டீ வரும்போது மற்றவர்களுக்கு டம்ளர், இவருக்குப் பேப்பர் கப். மதியம் டிபன் பாக்ஸ்கள் மேசையைச் சுற்றி வரும். இவருடைய பொரியலை எடுக்க எந்தக் கையும் நீளாது. “கோட்டாவுல வந்தவங்க” என்ற சொல் காதில் விழும் தூரத்தில் உச்சரிக்கப்படும். கேட்டால் “பொதுவாச் சொன்னோம்” என்பார்கள்.

இவற்றில் சில வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் (1989) கீழ் குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 3(1)(ஆர்), சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்). 2015 திருத்தத்தில் சமூகப் புறக்கணிப்பும் சேர்ந்தது. எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை, புலனாய்வை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி செய்ய வேண்டும். உதவிக்கு 14566 என்ற தேசிய எண் இருக்கிறது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ‘பொதுமக்கள் பார்வை’ என்ற சொல். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது இந்தப் பிரிவில் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் அதையே சொல்லி, அலுவலக அறைக்குள் நடந்த சம்பவத்தின் மீதான வழக்கை ரத்து செய்தது; சக ஊழியர்கள் சம்பவத்துக்குப் பிறகே அங்கே வந்ததாக அதில் இருந்தது. ஆகவே எச்.எம். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு திட்டியதும், பிரார்த்தனைக் கூட்டத்தில் திட்டியதும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றல்ல. அந்த நேரத்தில் யார் அங்கே இருந்தார்கள், யார் காதில் விழுந்தது என்பதைப் புகாரிலேயே எழுத வேண்டும். அடுத்த நாள் சேர்த்தால் ஜோடித்ததாகத் தெரியும்.

மற்ற கதவுகள்

பாலியல் துன்புறுத்தலுக்கு 2013 சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு பள்ளியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது இருவரில் ஒருவரை இடம் மாற்றவும், புகார் தந்தவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் பரிந்துரைக்கச் சொல்லிக் கேட்கலாம். புகார் தாளாளர் மீதே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான பள்ளி என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். பல பள்ளிகளில் குழு காகிதத்தில்தான் இருக்கும். அறிவிப்புப் பலகையில் உறுப்பினர் பெயர்கள் ஒட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவைக்கலாம். புகாரை நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் ‘பொய்ப் புகார்’ என்று நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. இதைத் தெரியாமல்தான் பலர் புகாரைத் திரும்பப் பெறுகிறார்கள்.

மாற்றுத்திறனாளி ஆசிரியர்களுக்கு 2016 சட்டம். அரசுப் பள்ளியில் மாடி வகுப்பையே தொடர்ந்து ஒதுக்குவது நிர்வாக வசதி என்று தட்டிக்கழிக்கக்கூடியதல்ல. நியாயமான வசதி செய்து தருவது அங்கே சட்டக் கடமை. திருநர்களுக்கு 2019 சட்டம்; பள்ளிகளில் வேலை பறிபோன ஒரு திருநங்கை ஆசிரியருக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது.

தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலைமைதான் மோசம். அப்போதைய தொழிற்தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி அலுவலக எழுத்தருக்குக் கிடைத்த தொழிலாளர் நீதிமன்றம், அங்கேயே பாடம் நடத்துபவருக்குக் கிடைக்காமல் போனது.

எண்ணிப் பாருங்கள்

மேலே சொன்ன எந்தச் சட்டத்திலும் அடங்காத, வெறும் வேலைப் பளுவாக வரும் துன்புறுத்தலை எப்படிக் காட்டுவது? எண்ணித்தான். ஒரு பள்ளியில் ஒன்பது ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் சப்ஸ்டிட்யூஷன் மொத்தம் 54 பீரியட். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 6. ரெஜிஸ்டரைப் பார்த்தால் ஒருவருக்கு 19. மீதி எட்டுப் பேருக்கும் சேர்த்து 35, அதாவது தலைக்கு நாலரைகூட இல்லை. “எனக்கு மட்டும் நிறையப் போடுறாங்க” என்று சொன்னால் முணுமுணுப்பு. “ஜூலையில் 54-ல் 19” என்று சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் இதே கணக்கு வந்தால் ‘தற்செயல்’ என்ற பதில் நிற்காது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அவருடைய டைம்டேபிளில் மற்றவர்களைவிட ஓய்வுப் பீரியட் அதிகம் இருந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். ஆகவே வாரம் 40 பீரியடில் யாருக்கு எத்தனை வகுப்பு, எத்தனை காலி என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எதிர்த் தரப்பு முதலில் கேட்பது அதைத்தான். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் இந்தப் பதிவேடுகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்; கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில் வர வேண்டும்.

மற்ற சம்பவங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தனித் தாள்கள் வேண்டாம், தைத்த நோட்டாக இருக்கட்டும், நடுவில் சொருகியதாக யாரும் சொல்ல முடியாது. தேதி, பீரியட், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்தவர்கள், அதற்குப் பிறகு நடந்தது. அன்றைக்கே எழுத வேண்டும். “மீண்டும் என்னை மனம் நோகப் பேசினார்” என்ற வரியால் எந்தப் பயனும் இல்லை. “செவ்வாய், 4-ஆம் பீரியட் முடிந்ததும், 9-ஆ வகுப்பு வாசலில், ‘சம்பளம் வாங்கத்தான் வர்றீங்களா’ என்றார், கணக்கு டீச்சரும் மூன்று மாணவர்களும் நின்றார்கள்” என்பது சாட்சியம். நோட்டைப் பள்ளி மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். வாட்ஸ்அப் செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதோடு முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வைப்பது நல்லது. போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போட வேண்டாம். மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்.

நோட்டு எழுதுவதில் இன்னொரு பயனும் உண்டு. இரண்டு மாதம் எழுதிவிட்டுப் படித்தால், சில சமயம் இது துன்புறுத்தல் இல்லை என்றும் தெரியவரும். பாடக்குறிப்பைக் கேட்பது, தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்பது, வகுப்பைப் பார்வையிட்டுக் குறை சொல்வது எல்லாம் தலைமையாசிரியரின் வேலை. எல்லோரிடமும் கேட்கிறாரா என்பதுதான் கேள்வி. எல்லோரையும் ஒரே மாதிரி விரட்டுபவர் மோசமான நிர்வாகி. அதற்கு வேறு மருந்து.

மெமோ வந்தால்

மெமோவை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் அதுவே அடுத்த குற்றச்சாட்டு. வாங்கிக்கொண்டு, அவர்கள் நகலில் கையெழுத்துக்குக் கீழே தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். பின்தேதியிட்ட மெமோக்கள் புதிதல்ல. பதிலில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். “உங்களுக்கு என்மேல் காழ்ப்பு” என்ற வரி உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. அது தனிப் புகார். அவகாசம் போதாது என்றால் குறிப்பிட்ட ஆவணத்தின் நகலைக் கேட்டு, அது கிடைத்தபின் பதில் தருவதாகக் காலக்கெடுவுக்குள் எழுதுங்கள். பதிலின் நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபால்.

“ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுங்க, முடிச்சுக்கலாம்” என்பது தனியார் பள்ளிகளில் அடிக்கடி விரிக்கப்படும் வலை. அன்று முடியும். ஆறு மாதம் கழித்து அதே கடிதம் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று கோப்பிலிருந்து வெளியே வரும். அரசுப் பணியில் மெமோவுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் 17(ஏ) என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைக்கானது. 17(பி) என்றால் பணிநீக்கம் வரை போகலாம். குற்றச்சாட்டு, அதற்கான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் எல்லாம் இணைந்திருக்க வேண்டும், விசாரணை நடந்தாக வேண்டும். நிலுவையில் இருக்கும் 17(பி) பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரை நிறுத்திவிடும். ஒருவரைப் பழிவாங்க நினைப்பவருக்குக் கடைசித் தீர்ப்பு அவ்வளவு முக்கியமில்லை, பேனல் தயாராகும் மாதத்தில் ஒரு 17(பி) நிலுவையில் இருந்தாலே போதும். அந்த நேரக் கணக்கையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது

மொட்டைக் கடிதம் முதல் தவறு. யார் எழுதியது என்று இரண்டு நாளில் ஊகித்துவிடுவார்கள், சட்டப் பலனும் இருக்காது. இரண்டாவது, மாணவர்களையும் பெற்றோர்களையும் தன் பக்கம் திரட்டுவது; ‘பிள்ளைகளைத் தூண்டிவிட்டார்’ என்ற குற்றச்சாட்டு அதற்குமுன் இருந்த எல்லா நியாயத்தையும் அழித்துவிடும். ஃபேஸ்புக்கில் எழுதுவது மூன்றாவது. அரசு ஊழியர் நடத்தை விதியில் சிக்க அதுவே போதும். முதலமைச்சர் தனிப்பிரிவு மனுவுக்கு ஒரு பயன் உண்டு, பதிவு எண் கிடைக்கும். ஆனால் மனு படிப்படியாக இறங்கிக் கடைசியில் விளக்கம் கேட்டு அதே எச்.எம். மேசைக்கே பெரும்பாலும் வந்து சேரும். முறையான வழியில் கல்வி அலுவலருக்குக் கொடுத்த புகாரின் நகல் கையில் இருந்தபின் அதைச் செய்வது நல்லது.

கூட இருப்பவர்கள் பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. மதியம் அந்த மேசையில் போய் உட்காரலாம். புதிய குரூப்பில் “கெமிஸ்ட்ரி சாரைச் சேர்க்கலையே” என்று ஒரு வரி போடலாம். தூக்கம் கெட்டு, ஞாயிறு மாலையே நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை. மருத்துவச் சீட்டும் பின்னால் ஓர் ஆவணம்தான்.

வேலையை விடுவதே வழி என்று தோன்றினால், ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது. “நீங்களே எழுதிக் குடுத்துட்டா உங்களுக்குத்தான் நல்லது” என்று அவசரப்படுத்தினால் அன்று கையெழுத்து வேண்டாம். சொந்த விருப்பத்தில் விலகியதாக எழுதிக் கொடுத்தவருக்குப் பிறகு வழக்காடுவது மிகக் கடினம். சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களின் பட்டியலை எழுதி, திருப்பித் தரச் சொல்லி முதலில் ஒரு கடிதம். சம்பளச் சீட்டு, நியமன ஆணை, பி.எஃப். யு.ஏ.என். எண் மூன்றும் கையில் இருக்கட்டும். ஐந்து வருடம் முடிந்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. 2009 திருத்தம் அதை ஆசிரியர்களுக்கு 1997 ஏப்ரல் 3-லிருந்தே பொருந்தும்படி செய்தது, 2022-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து வருடங்களால் பெருக்க வேண்டும்: கணக்கில் வரும் சம்பளம் 20,000, ஏழு வருடம் என்றால் சுமார் 80,769 ரூபாய். நாலு வருடம் பத்து மாதத்தில் இருப்பவர் கடிதத்தில் தேதி போடும் முன் காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.